ஏகாம்பரம் வீட்டு ஸ்பீக்கருக்கு ஆம்ப் பார்த்த கதை

1. மச்சான் வண்டி

“தம்பி, நீ குடுத்த ஆம்ப்பு கத்துது. தகரத்து மேல ஆணியால கீறுனா மாதிரி கீது. ஒடனே வா. மச்சான் வண்டி எடுத்துக்கினு பெருநகர்லேர்ந்து கெளம்பிட்டான்.”

போனில் பேசியவர் காவாந்தண்டலம் ஏகாம்பரம். நெல் விவசாயி. நான் விற்ற முதல் ஹை-எண்ட் ஆம்ப்பின், அதாவது விலை உசந்த ஆம்ப்ளிஃபையரின், சொந்தக்காரர். அதற்குப் பின் விற்றவற்றை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மிக்ஸி, டிவி, கோயில் மைக் செட் ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஹை-எண்ட் ஆடியோ என்பது கடையின் மூலையில் வேட்டி போட்டு மூடி வைத்திருக்கும் என் பைத்தியம். அந்தப் பைத்தியம் முற்றுவதற்காக வெளிநாட்டு ஆடியோ பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பேன். படித்ததை, மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்க வந்தவர்களிடம் விளக்குவேன். அவர்கள் ரப்பரை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விடுவார்கள்.

ஏகாம்பரம் மட்டும் போகவில்லை. சென்னையில் அவருடைய சிநேகிதர் ஒருவர் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வைத்திருந்தார். அதில் பாட்டுக் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. சிநேகிதர் அமெரிக்கா கிளம்பியபோது, அந்த ஜோடியை வாங்கிக் குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாங்கிய பிறகுதான் மனைவி கஸ்தூரியிடம் சொன்னார்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. தீர்ப்பு மட்டும் சொன்னார்: “ரெண்டு பீரோவாட்டம் ஹால அடைச்சுக்கினு நிக்குது. நல்லா பாடுச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா எந்தம்பி வந்து எடுத்துக்கினு போவட்டும்.”

தம்பி என்பது தனசேகர். பெருநகரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர். ஸ்பீக்கர் வந்த நாளிலிருந்து அக்காள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோக ஆரம்பித்திருந்தார்.

2. பொருத்தம்

ஸ்பீக்கருக்கு ஆம்ப் பார்ப்பது ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம்தான். இந்த ஸ்பீக்கர் நாலு ஓம்ஸ். சில ஸ்வரங்களில் அதற்கும் கீழே இறங்கி, ஆம்ப்பிடமிருந்து கரண்டை உறிஞ்சும். சென்சிட்டிவிட்டி குறைவு, நிறைய கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். திறந்தால், உச்ச ஸ்வரம் பாடும் ட்வீட்டர் உலோகம் என்பதால் கொஞ்சம் வாய்த்துடுக்கு. இதையெல்லாம் பார்த்து, சென்னை டீலரிடம் டெமோவுக்கு இரண்டு ஆம்ப் வாங்கி வந்தேன். ஒன்று டிரான்சிஸ்டர்: வாட்ஸ் அதிகம், துல்லியமான பேர்வழி. இன்னொன்று பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழல் போட்ட வால்வு: வாட்ஸ் குறைவு, ஆனாலும் ஒரு ஹாலுக்குப் போதும், குழைவான குரல், தொட்டால் சுடும்.

நான் போன சமயம் அறுவடை முடிந்து, மழை பிடித்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டிய நெல்லெல்லாம் ஹாலில் மூன்று சுவரோரமும் ஆள் உயரத்துக்கு மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. நடுவில் கிடைத்த சந்தில் ஸ்பீக்கர்கள் நின்றன.

“நெல்லு போவட்டும், அப்பால வந்து பாட்டு போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கினேன்” என்றார் கஸ்தூரி. “ரெண்டு பேருக்குமே பொறுமை இல்ல.”

“அண்ணி, இது மூட்டை விஷயம் இல்ல. ஆம்ப் மேட்ச்சிங் விஷயம்” என்று சிரித்தபடி ஒரு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

முதலில் வால்வு. வயலின் வித்வான் கம்பளி போர்த்திக்கொண்டு அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. “பாருங்கண்ணா, வால்வுன்னா இப்படித்தான் மந்தமா இருக்கும்” என்றேன். பத்திரிகைகளில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். பிறகு டிரான்சிஸ்டரை மாட்டினேன். வில் கம்பியைத் தொடுவது கேட்டது. மிருதங்கத்தில் விரல் விரலாகப் பிரிந்து விழுந்தது.

“இன்னா தம்பி இது, ஆளு எதுருல ஒக்காந்துக்கினு வாசிக்கிறா மாதிரியே கீது!” என்று ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கஸ்தூரி, “சரி, இருக்கட்டும்” என்றார். வால்வு ஆம்ப்பைக் கடை மூலையில் வேட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, என் மேட்ச்சிங் ஞானத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

3. ட்ரெபிள் பட்டன்

போன் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய் பைக்கை நிறுத்தும்போதே தனசேகரின் வண்டி வாசலில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஸ்பீக்கர் கீறாமலிருக்க உள்ளே பழைய ஜமுக்காளம்கூட விரித்திருந்தார்.

“இன்னாண்ணா, ஒங்க ஆம்ப்பு காதுல ஊசி போடுதாமே?” என்றார்.

போட்டுக் கேட்டேன். ஊசிதான். அதே வயலின், அதே வித்வான், இப்போது நம்மேல் ஏதோ கோபத்தில் வாசிப்பதுபோல் இருந்தது. ஏகாம்பரம் ஸ்பீக்கரின் தலையில் கை வைத்தபடி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர் மாதிரி நின்றார்.

மீட்டரை எடுத்து வோல்டேஜ் பார்த்தேன். சரியாக இருந்தது. ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டேன். அது நிரபராதி. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, சுரண்டி, திரும்ப மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. உத்தியோகத்தில் இருக்கிறேன் என்று காட்டுவதற்காக ஆம்ப்பின் மேல்மூடியைத் துடைத்தேன்.

“ட்ரெபிள கொஞ்சம் கொறைங்களேன்” என்றார் தனசேகர்.

“இதுல ட்ரெபிள் கண்ட்ரோல் கிடையாது, சேகர். ஹை-எண்ட்ல வைக்க மாட்டாங்க. சிக்னல் சுத்தமா போகணும்.”

“எங்கிட்ட கீற ஓட்ட மிக்ஸர்ல பட்டன் வரிசையா கீது. இவ்ளோ வெல குடுத்த பொட்டில ஒரு பட்டன் இல்லியா? மாமா, ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்க!”

“வாய மூடுடா” என்றார் ஏகாம்பரம். குரலில் வலுவில்லை.

விலை ஏற ஏறப் பட்டன் குறைவதன் தத்துவத்தை நான் விளக்க ஆரம்பித்தபோது, கஸ்தூரி தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்தார். அந்த ‘ணங்’ என்ற சத்தம் டைல்ஸில் பட்டு, எதிர்ச்சுவருக்குப் போய், திரும்பி என்னிடம் வந்தது. அன்று மூட்டையின் மேல் உட்கார்ந்த நான் இன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

“அண்ணா, நெல்லெல்லாம் எங்க?”

“முந்தாநேத்து லோடு ஏத்தியாச்சே.”

“ஆம்ப் என்னிக்குலேர்ந்து கத்துது?”

“அது… முந்தாநேத்துலேர்ந்து” என்றவர் வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொண்டார்.

விஷயம் அவ்வளவுதான். ட்வீட்டர் போட்ட கூச்சலையெல்லாம் அன்று மூட்டைகள் விழுங்கிக்கொண்டிருந்தன. இப்போது வெறும் சுவரும் டைல்ஸும் அதைத் திருப்பித் திருப்பி எங்கள் மேல் எறிந்தன. நான் பொருத்தம் பார்த்தது ஏகாம்பரத்தின் ஸ்பீக்கருக்கு அல்ல, அவருடைய நெல்லுக்கு.

ஸ்பீக்கரை ஏற்றிப்போக வந்த அதே வண்டியில் தனசேகரை அழைத்துக்கொண்டு போய்க் கடையிலிருந்த வால்வு ஆம்ப்பை எடுத்து வந்தேன். வழி முழுக்க அவர் பட்டனைப் பற்றியே பேசினார். மாட்டி, சூடாகட்டும் என்று காத்திருந்து போட்டால், வயலின் கம்பளியை உதறிவிட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது. கோபம் போயிருந்தது. தனசேகரே பேச்சை நிறுத்திவிட்டு ஓர் ஆவர்த்தனம் தலையாட்டினார்.

ஏகாம்பரத்தின் முகத்தில் மட்டும் நிம்மதி இல்லை. “அடுத்த அறுப்புக்கு நெல்லு திரும்ப வந்துடுமே, தம்பி. அப்போ மறுபடியும் போர்த்திக்கினு பாடுமே?”

பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குள் இருக்கும் வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. “ரெண்டு ஆம்ப்பையுமே வச்சுக்கலாமே, அண்ணா. அறுவடைக்கு ஒண்ணு, மத்த நாளுக்கு ஒண்ணு.”

கஸ்தூரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

“நெல்லு வூட்டுக்குள்ள கீறப்போ நீ என்னிக்காவது ஒரு எடத்துல ஒக்காந்து பாட்டு கேட்டுக்கீறியா?”

“அன்னிக்கு தம்பி வந்தப்போ கேட்டனே?”

“கேட்ட! பாட்டு பாடிக்கினு கீது, நீ எய்ந்து எய்ந்து வாசலுக்குப் போயி வானத்த பாத்துக்கினு இருந்த. மூட்டைல கைய வுட்டு ஈரம் பாப்ப. எலி பூந்துச்சான்னு டார்ச் அடிப்ப. லாரிக்காரனுக்கு போன் போடுவ. பாடுற பாட்ட நான்தான் வந்து நிறுத்துவேன். நெல்லு போன அப்பாலதான் நீ மனுசனா ஒக்காருவ. அப்போ எது நல்லா பாடுதோ, அத்த வெச்சுக்க.”

ஏகாம்பரம் ஸ்பீக்கருக்கு எதிரே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

“அப்போ இந்த ஸ்பீக்கரு?” என்றார் தனசேகர் மெல்ல.

“நீ சாப்ட்டுட்டு கெளம்புடா” என்றார் அக்காள்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பை டீலரிடம் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்டார். “நெல்” என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓம்ஸ், வாட்ஸ், சென்சிட்டிவிட்டி எல்லாம் கட்டாயம் பாருங்கள். அதைப் பார்க்காவிட்டால் பெட்டி புகையும். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். ஆம்ப் வேண்டும் என்று யார் வந்தாலும், ஸ்பீக்கர் என்ன மாடல் என்று கேட்பதற்கு முன்னால் நான் இப்போது கேட்பது வேறு:

“நீங்க எப்போ சும்மா ஒக்காருவீங்க? அப்போ ஒங்க ஹால்ல இன்னா இருக்கும்?”

பெரும்பாலானோர் முதல் கேள்வியிலேயே தடுமாறிவிடுகிறார்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிறார்கள்.