முகர்ந்து பார்த்த டம்ளர்

ஆயத்த ஆடை ஆலையில் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள் என்பதால் அவளை எல்லோரும் காஜாக்கா என்றே அழைத்தார்கள். முகம் வெளிறியிருக்கிறதென்று மருந்துக்கடைக்காரர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்; மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கறுத்தது. அவளும் பயப்படவில்லை. வயிற்றுக்குள் கசியும் இரத்தமும் அதே நிறத்தில்தான் போகும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு முற்பகலில், கையிலிருந்த வெள்ளைச் சட்டையின் மேலேயே இரத்தமாக வாந்தி எடுத்தாள்.

மருத்துவமனையில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டதால், அதற்குள் போக வழியில்லாத இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளைப் புடைக்க வைத்திருந்தது. அவற்றில் ஒன்று வெடித்திருந்தது. புடைத்தவற்றைச் சிறு ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டினார்கள்.

"எத்தனை வருஷமாக் குடிக்கிறாங்க?" என்று பயிற்சி மருத்துவர் கணவனிடம் கேட்டார்.

அவன் வாயே திறக்கவில்லை. இல்லை என்ற ஒரு சொல் போதும் அவளுக்கு. அது வரவில்லை.

வீடு திரும்பியபின், அவள் குடித்து வைத்த டம்ளரை அவன் எடுத்து முகர்ந்தான். மறுநாளும் முகர்ந்தான். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்க அண்ணி. ஆலையில யாராவது பழக்கி விட்டாங்களா?"

"ஆமா. நூல்கண்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுக் குடிச்சேன்."

நாத்தனார் நம்பிவிட்டாள்.

காஜாக்காவுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. சிரைகளில் அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள்.

மீண்டும் வளையம் போடப் போன அன்று, பெரிய மருத்துவர் கணவனையும் உள்ளே கூப்பிட்டார்.

"இது குடியால வந்ததில்லைங்க. பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி. சத்தமில்லாம ரொம்ப வருஷமாக் கல்லீரலை அரிச்சிருக்கு. நீங்களும் ரத்தம் பாத்துடுங்க."

அவன் இரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. கல்லீரல் இன்னும் கெடவில்லை, விடாமல் பரிசோதித்து வர வேண்டும் என்றார்கள்.

அன்று மாலை அவன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தான். காஜாக்கா அதை எடுத்து, நிதானமாக முகர்ந்து பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

"உங்க தங்கச்சி கேட்டா நான் பதில் சொல்ல வேணாமா?"

அவன் தலை கவிழ்ந்தது. "அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு அவனுடையது, தன்னுடையது என இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.