இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் நடுவே

சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர் யாரையாவது இடித்துவிட்டால், இடிபட்டவரின் செலவை ஏற்கிற காப்பீடு ஒன்று உண்டு. புனேயில் அதை விற்பதும், இடித்த பிறகு போய்ப் பார்ப்பதும் என் வேலை. இன்ஷூரன்ஸ் என்று சொன்னதுமே எதிரிலிருப்பவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும். எதையாவது விற்றுப் பிழைப்பவராக இருந்தால் உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

கணேஷின் சந்தேகம்

கோத்ரூடில் ஒரு ஓட்டல் வாசலில் ஆர்டருக்காகக் காத்திருந்த கணேஷிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில் கால் மணி நேரம் விளக்கினேன். "உங்களுக்கு அடிபட்டால் அது வேறு பாலிசி. இது, உங்களால் அடிபடுகிறவருக்கு." அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். இவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை, என் கணவர் உட்பட.

கையெழுத்துப் போடப் போனவர், பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நிஜமான கவலை.

"மேடம், வருஷம் முழுக்க நான் யாரையுமே இடிக்கலைன்னா உங்க கம்பெனியில கோவிச்சுக்குவாங்களா?"

ஊர்க்காரர் கார்

வாகடில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், சாப்பாடு கொண்டுவந்த விகாஸின் சைக்கிள், நின்றிருந்த ஒரு காரின் முன்கதவில் கோடு போட்டுவிட்டது. கார்க்காரர் சாகண் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். நான் போனபோது ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். விகாஸ் அழுதுவிடுவார் போலிருந்தது. 'இனி இந்தப் பக்கம் வேலை கொடுக்க மாட்டார்களோ' என்ற பயம் அவருக்கு.

காப்பீடு இருக்கிறது என்று சொன்னதும் கத்தல் நின்றது. என் பெயரையும் ஊரையும் கேட்டதும் ஆங்கிலமும் நின்றது, அவரும் கோயம்புத்தூர்தான். விகாஸுக்குத் தண்ணீர் வந்தது, எனக்குக் காபி வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, பின்னாடி கதவுல ஒரு பழைய கோடு இருக்குதுங்க. அதையும் இதுலயே சேத்திக்கலாமுங்களா?" என்று விரலை நீட்டினார்.

தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத விகாஸுக்கு விரல் போன திசையே போதுமாக இருந்தது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் பதறினார்:

"சார், நான் அந்தப் பக்கம் இன்னும் வரவே இல்லையே!"

மாப்பிள்ளை மேல் பனீர்

போசரியில் ஒரு கல்யாண மண்டப வாசல். ஊர்வலத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பின்னால் நகர, சைக்கிளில் வந்த இம்ரான் பிரேக் பிடித்துச் சறுக்கினார். சாப்பாட்டுப் பெட்டி திறந்து, அப்போதுதான் குதிரையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் வெள்ளை ஷெர்வானி மேல் பனீர் மசாலா கொட்டியது.

நான் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் மாமா சைக்கிளின் ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இம்ரானுக்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் குரலே போயிருந்தது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து மணப்பெண், தன் அண்ணனின் ஷெர்வானியைக் கொடுத்தனுப்பினாள். தோளில் தொளதொளவென்று இருந்தது, ஆனால் மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மாமா ஹேண்டிலை விட்டார். இம்ரானுக்கு இலை போட்டு உட்காரவைக்காததுதான் குறை. கையில் ஒரு தட்டு இனிப்பைத் திணித்து அனுப்பினார்கள்.

சேத விவரம் எழுதும்போது மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். காலையிலிருந்து விரதமாம்.

"ஷெர்வானியை மட்டும் எழுதுங்க மேடம். பெட்டியில மிச்சமிருந்த பனீரை நான் சாப்பிட்டுட்டேன், அம்மாவுக்குத் தெரியாது."

ஸ்டெல்லா அக்காவின் மணிக்கட்டு

இது சிரிக்கிற விஷயமாகத் தொடங்கவில்லை. கட்கியில் தையல் கடை வைத்திருக்கும் தமிழ்க்காரரான ஸ்டெல்லா அக்கா சாலையைக் கடந்தபோது, நாற்பது வயது சுனிலின் சைக்கிள் மோதி, வலது மணிக்கட்டு முறிந்தது. சுனில் ஓடிப்போகவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே அக்கா வலிக்காக அழவில்லை. சர்ச் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸுக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன ஜாக்கெட்டுகளுக்காக அழுதார். சிகிச்சைச் செலவும், கடை மூடியிருந்த நாட்களின் இழப்பும் பாலிசியில் கிடைத்தன. ஆனால் ஜாக்கெட் தைக்க எந்த பாலிசியிலும் வழியில்லை.

சரிபார்க்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மெஷினில் சுனில் உட்கார்ந்திருந்தார். முன்பு ஆடை நிறுவனத்தில் தையல் வேலை பார்த்தவராம். நிறுவனத்தை மூடியதும் சைக்கிளுக்கு வந்தவர். மதியம் ஆர்டர் குறைகிற நேரத்தில் இங்கே வந்துவிடுகிறார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா, "கழுத்து இன்னும் தோடா இறக்கு, கொஞ்சம் போதும்" என்று பாதித் தமிழும் பாதி இந்தியுமாக அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டுகள் எல்லாமே முடிந்து, வரிசையாகத் தொங்கின.

கிளம்பும்போது அக்கா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கை சரியானதும் கேஸை முடிச்சுக்கோ. ஆனா இந்த ஆளை மட்டும் திரும்பக் கேக்காதே, சம்ஜா, புரிஞ்சுதா?"

விபத்து என்று கேள்விப்பட்டுப் பதறி ஓடுகிற இடங்களில் இப்படிப் பாதி நேரம் நான் காபியோ இனிப்போ சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதை, தயவுசெய்து என் மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.