என் படம் ஒட்டிய சிவப்புப் பூட்டு

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை. மதியம் ஒரு மணி வரை அங்கே நல்ல பிள்ளையாக வேலை பார்த்தேன். ஐந்து மணிக்குள் அந்தத் தொழிற்சாலையில் பாதியை நிறுத்தி வைத்துவிட்டேன். அதுவும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டு வளைகாப்பில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டே.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கடைசி வருட எஸ்பிஎம் பரீட்சை முடித்த சமயம், இயந்திரப் பராமரிப்பில் இரண்டு வருட அப்ரண்டிஸ் பயிற்சி இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் பாடம், மற்ற நாட்கள் தொழிற்சாலையில் வேலை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். ரைஸ் குக்கர், மேசை விசிறி, அம்மாவின் தையல் மெஷின் எதுவும் தப்பியதில்லை. கழற்றியதை எல்லாம் ஒழுங்காகத் திரும்ப மாட்டினேன் என்று சொன்னால் அம்மா அடிக்க வருவார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பாவின் அக்கா, அதாவது இந்த வளைகாப்பு அத்தை, "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு லா? எனக்குத் தெரிஞ்ச கிளினிக்ல கவுண்டர் வேலை இருக்கு, ஏர்கான் ரூம்" என்றார். அத்தை வீட்டு மாமா என் கையைப் பிடித்துப் பார்த்து, இது கணக்கு எழுதுகிற கை என்று தீர்ப்புச் சொன்னார். இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

அப்பாவைத்தான் அப்படி விட முடியவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "பேக்டரி வேணாம்மா. வேற எது வேணும்னாலும் படி" என்றார். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். என்னை யார் என்ன சொன்னாலும் எனக்காகப் பேசுகிற அப்பா, எல்லோரோடும் சேர்ந்துகொண்டாரே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. கடைசியில் அம்மா நடுவில் புகுந்து, ஃபாரத்தை அவர் முன்னால் வைத்து, பேனாவையும் கையில் கொடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்டார், ஒரு நிபந்தனையோடு. "அங்கேர்ந்து உன்னப் பத்தி ஒரு லெட்டர் வந்துச்சுன்னா, அன்னிக்கோட நின்னுடணும்."

நான் உடனே சரி என்றேன். என்னைப் பற்றியாவது, லெட்டர் வருவதாவது. எனக்கு என்மேல் அவ்வளவு மதிப்பு.

தொழிற்சாலையில் மாவு பிசைகிற ஒரு இயந்திரம் உண்டு. ஆள் உள்ளே இறங்கி நிற்கிற அளவு பெரிய தொட்டி, அதில் சுழல்கிற இரண்டு தடித்த இரும்புக் கைகள். அதைப் பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போட முடியாதபடி பூட்டிவிடுவோம். வேலை செய்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தங்கள் பூட்டைப் போட வேண்டும். நான்கு பேர் என்றால் நான்கு பூட்டு. பூட்டுக்காரரின் பெயரும் படமும் அதில் ஒட்டியிருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவிதான், அதுவும் அவரவர் சட்டைப்பையில். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் இயந்திரம் ஓடாது. பூட்டு தொங்குகிறது என்றால், அந்தப் படத்தில் இருக்கிற ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

எனக்குக் கொடுத்தது சிவப்புப் பூட்டு. படத்தில் நான் தும்மப் போகிறவளைப் போல இருப்பேன். இருந்தாலும் அதை முதன்முதலாக மாட்டிய அன்று கைப்பேசியில் நான்கு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பிசையும் இயந்திரத்தில் சங்கிலி மாற்றினோம். பராமரிப்புப் பிரிவு அண்ணன்மார் மூன்று பேர், நான்காவதாக நான். ஒரு மணிக்கு எனக்கு வேலை முடிந்தது, அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கழற்றிய பழைய சங்கிலியை ஸ்டோரில் போட்டுவிட்டு நீ கிளம்பு என்றார்கள். போட்டேன், கையைக் கழுவினேன், கொமுட்டர் ரயில் பிடிக்க ஓடினேன். பூட்டு என்று ஒன்று இருப்பதே மண்டையில் இல்லை. புடவை கட்ட வேண்டும், தலைக்குப் பூ வாங்க வேண்டும், மண்டை முழுக்க அதுதான்.

அத்தை வீட்டுக்குப் போய், யூனிஃபார்மைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூலையில் வைத்துவிட்டு, புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை மகளுக்கு வளையல் அடுக்கினோம், எனக்கும் இரண்டு கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். கைப்பேசி கைப்பைக்கு அடியிலே எங்கேயோ, சத்தம் அடக்கி வைத்தபடி. ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் இருபத்தாறு அழைப்புகள் வந்திருந்தன.

திரும்ப அழைத்தேன். எடுத்தது மதிய ஷிப்டில் அந்த இயந்திரத்தை ஓட்டுகிற ஒரு தமிழ் அண்ணன்.

"தங்கச்சி, எங்கம்மா இருக்க நீ?"

"பிரிக்பீல்ட்ஸ்ல அண்ணே, அத்தை வீட்ல."

அவர் போனைத் தள்ளி வைத்துவிட்டு யாரிடமோ மலாயில், வெளியே இருக்கிறாளாம், நல்லா இருக்கிறாளாம் என்று கத்தினார். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் பேசுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் என்னிடம் சொன்னார். "உன் பூட்டு இன்னும் தொங்குதும்மா."

மீதியையும் அவரே சொன்னார். மதிய ஷிப்ட் இரண்டரை மணியிலிருந்து சும்மா நிற்கிறது. பூட்டை வெட்ட வேண்டுமென்றால் மேனேஜர் கையெழுத்து வேண்டும், மேனேஜரோ வெளியூரில், போன் கிடைக்கவில்லை. சாவியோடு நான்தான் போக வேண்டும்.

சாவி என் பேன்ட் பையில். அறைக்கு ஓடினால் மூலையில் பையைக் காணோம். "கிரீஸ் நாத்தம் தாங்கல, அதான் மெஷின்ல போட்டேன்" என்றார் அத்தை. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் அது. கண்ணாடி வழியாக என் பேன்ட் நுரையில் உருண்டுகொண்டிருந்தது. ஓடுகிற வரை கதவைத் திறக்க விடாது.

வந்திருந்த சொந்தமெல்லாம் சமையலறைக்கு வந்து நின்றது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்லா" என்று ஆரம்பித்தார். அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தேன். ஏழு வாரத்தில் கற்றுக்கொண்டது அப்போது கை கொடுத்தது. பிளக்கைப் பிடுங்கி, கீழே இருக்கிற சின்ன மூடியைத் திறந்து தண்ணீரை வடித்தேன். பாதி வாளிக்குள், பாதி மாமா காலில். இரண்டு நிமிடம் கழித்துக் கதவு விட்டுக் கொடுத்தது. சாவி முன்பைவிடச் சுத்தமாக இருந்தது.

விசேஷத்துக்கு வந்திருந்த அப்பா கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் சனிக்கிழமை சாயங்கால நெரிசல். என் கையில் பூட்டுச் சாவி, மடியில் சொட்டச் சொட்ட யூனிஃபார்ம். அவர் திட்டியிருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன். இன்றைக்கு லெட்டர் வந்துவிடும், திங்கட்கிழமையிலிருந்து கிளினிக் கவுண்டர்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதேன்.

புடவையோடு தொழிற்சாலைக்குள் விட மாட்டார்கள். காவலாளி அறைக் கழிவறையில் ஈர யூனிஃபார்மையே மாட்டிக்கொண்டேன். உணவுத் தொழிற்சாலை என்பதால் கண்ணாடி வளையலும் கூடாது. சோப்புப் போட்டுக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். தலையில் வலைத்தொப்பி, கையில் இரண்டு பச்சை வளையலோடு அப்பா என் பின்னால் வந்தார்.

திட்டு விழும் என்று குனிந்துகொண்டே போனவள், சூப்பர்வைசரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எப்போதும் சட்டை கசங்காமல் இருக்கிற மலாய்க்காரர். அன்று முழங்கையிலிருந்து மார்பு வரை மாவும் எண்ணெயும். மூன்று அண்ணன்மாரும் தங்கள் பூட்டை எடுத்த பிறகு என் பூட்டு மட்டும் தொங்கியிருக்கிறது. கிளம்பச் சொன்ன அண்ணன்மாரும் நான் வெளியே போனதைப் பார்க்கவில்லை, கூப்பிட்டால் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை. உடனே அவரே டார்ச்சோடு தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். பிறகு கன்வேயருக்கு அடியில் தவழ்ந்திருக்கிறார். ஸ்டோர், பெண்கள் கழிவறை, கூரைக்கு ஏறுகிற ஏணி வரை எல்லோரும் தேடியிருக்கிறார்கள். நான் கேசரிக்கு இன்னொரு கரண்டி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என்னை எந்த நிலையில் பார்க்கப் போகிறோமோ என்று பயந்தபடி ஒரு ஷிப்டே தேடியிருக்கிறது.

பூட்டைத் திறந்து எடுத்தேன், சுவிட்சைப் போட்டார்கள். இரும்புக் கைகள் சுழல ஆரம்பித்தன. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. போனில் பேசிய அண்ணன் மட்டும், "சொல்லிட்டுப் போம்மா அடுத்த தடவ. எங்களுக்கெல்லாம் வயசாயிருச்சு" என்று சொல்லிவிட்டு மாவு மூட்டையை எடுக்கப் போனார்.

பிறகு சூப்பர்வைசர் எங்களை ஆபீஸுக்குக் கூட்டிப் போய், ஒரு எச்சரிக்கைக் கடிதத்தை மேசையில் வைத்தார். அப்ரண்டிஸ் என்பதால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மலாயில் கேட்டார், அந்தச் சுவரில் பெரிய கட்டர் தொங்குகிறதே, முதலிலேயே வெட்டியிருக்கலாமே என்று. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் எப்படி வெட்டுவது என்றார் சூப்பர்வைசர். தெரிந்த பிறகும் அது அவள் பூட்டு, நான் சூப்பர்வைசர் என்பதற்காக அதைத் தொட முடியாது என்றார். உள்ளே துடைக்கிற ஆட்களுக்கும் இந்தப் பூட்டு உண்டா என்று அப்பா கேட்டார். உள்ளே கை வைக்கிற எல்லோருக்கும் உண்டு என்றார் அவர். அப்பா கையெழுத்துப் போட்டார்.

காரில் ஏறியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. வருடா வருடம் தீபாவளிக்கு அம்பாங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு அங்கிள் வருவார், அப்பாவின் இளவயது நண்பர். இடது கையில் மூன்று விரல் இருக்காது. முதலை கடித்துவிட்டது என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவார். அந்த அங்கிளும் தானும் கல்யாணத்துக்கு முன் ஒரு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்ததை அப்பா அன்றுதான் எனக்குச் சொன்னார். அங்கிள் ஒரு ரோலருக்குப் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

"சுவிட்ச் போட்டது நான்தாம்மா. அவன் உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் அந்த வளையல்களை விடாமல் வைத்திருந்தார். அவர் மேல் மூன்று வாரம் கோபித்துக்கொண்டு திரிந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கிள்ளான் பாலம் ஏறும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "லெட்டர் வந்தா நின்னுடணும்னு சொன்னீங்களேப்பா?"

"லெட்டர்ல என்ன எழுதியிருக்கு? பூட்ட எடுக்க மறந்துட்டன்னுதானே? போட மறந்துட்டன்னு எழுதலையே. அப்படி ஒண்ணு வந்தா நானே வந்து உன்ன இழுத்துட்டுப் போவேன்."

அப்பாவும் நானும் ஒன்றாகச் சிரித்தோம். திரும்ப அத்தை வீட்டுக்குப் போனபோது மாமா இன்னும் விடுவதாக இல்லை, என்னாச்சு, நிறுத்திட்டாங்களா என்று கேட்டார். அப்பா சாவகாசமாக உட்கார்ந்து ஒரு காப்பி கேட்டார். "இவ போகாம அங்க ஒரு மெஷினும் ஓடலையாம் மச்சான்" என்றார்.

பயிற்சி முடிந்து இப்போது நான் அதே தொழிற்சாலையில் டெக்னீஷியன். அந்த எச்சரிக்கைக் கடிதத்தின் நகலைச் சான்றிதழ்களோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று என்னைத் தடுத்தவர்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவள் நான். அந்த மூட்டைக்குள் பல வருடப் பயத்தைச் சுமந்துகொண்டு, மகள் கை பத்திரமாக இருந்தால் போதும் என்று நின்ற ஒருவரும் இருந்தார் என்பதை, செய்த தப்புக்காகத் தலைகுனிந்து நின்ற அன்றுதான் என்னால் பார்க்க முடிந்தது.