சாக்கில் போட்ட ஓட்டை

கண்ணுகளா,

பூனைக் கூடையைக் காரின் டிக்கியில் வைக்க மாட்டேன் என்று சொன்னதற்காக நீங்கள் இரண்டு பேரும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கோயமுத்தூருக்குக் குடி போகிற அன்றைக்குக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கால் மரத்துப்போய் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்? "அப்பா ஒரு பூனைக்கு ஓவராப் பண்றாரு" என்று நீ உன் தம்பியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது, அம்மணி. ஓவராகத்தான் பண்ணுகிறேன். காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. தாராபுரத்தில் குடியிருந்தோம். உங்கள் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பெருந்துறையில் ஒரு நூல் கம்பெனியில் வேலை கிடைத்தது. பாத்திரம் பண்டமெல்லாம் முதல் நாளே டெம்போவில் போய்விட்டன. மறுநாள் பஸ்ஸில் போக வேண்டியவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான், சீனி. சீனி எங்கள் பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். தூங்கும்போது என் வயிற்றின் மேல்தான் படுக்கும்.

வழியனுப்ப மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. பூனைக்கு வழியைக் காட்டினால் எத்தனை மைல் ஆனாலும் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். மாமா அதில் கரைகண்டவர்.

"சாக்குல போட்டு இறுக்கிக் கட்டிப்போடோணுங்க மச்சான். பொட்டு வெளிச்சம் தெரியப்படாது. வழியப் பாத்துச்சோ, அடுத்த வாரமே இங்க வந்து நிக்கும், நம்ம மாப்ளை பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியாந்து நின்னாப்பல."

என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சாக்கின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் சாக்கு என் மடியில் இருந்தது. சித்திரை வெயில். சீனி உள்ளே கத்திக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, அக்காவின் காம்பஸை எடுத்து, சாக்கின் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி ஓர் ஓட்டை போட்டேன். ரோஸ் மூக்கு வந்து அதில் ஒட்டிக்கொண்டது. கத்தல் நின்றது. யாரும் பார்க்காதபடி கையைக் குவித்து மறைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் மூச்சு சூடாக வந்து பட்டது.

பஸ் வந்தது. கண்டக்டர் எங்களை நிறுத்தினார்.

"ஏனுங்ணா, சாக்கு அசையுதுங்களே, என்னுங்க அது?"

"பூனைங்க."

"அட, பெருந்துறை வரைக்கும் பாட்டுப் பாடிட்டே வருமுங்களே! ஏறுற ஆளுக என்னையத்தான் வைவாங்க. பின்னால டிக்கில போட்டுருங்க."

அம்மா தயங்கினாள். "உள்ள வெக்கையா இருக்குமுங்களே."

"இருட்டா இருந்தாத்தான் நல்லது புள்ள, வழி தெரியாது" என்றார் அப்பா.

சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் சாக்கை வைத்தார். ஓட்டை இருந்த பக்கம் மூட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பி வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஓட்டை போட்டது தெரிந்துவிடும். சொல்லவில்லை. டிக்கியின் கதவைச் சாத்தினார்கள்.

கடைசி சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். காங்கேயம் வரை கத்தல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. "தூங்கிருச்சாட்ட இருக்குது" என்றாள் அக்கா. சென்னிமலையில் ஆள் சேரட்டும் என்று பஸ் வெகுநேரம் வெயிலிலேயே நின்றது.

பெருந்துறையில் எங்களை ஒரு பேக்கரி நிழலில் நிற்க வைத்துவிட்டு, அப்பா மட்டும் பஸ்ஸின் பின்பக்கம் போனார். பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. அப்பா வரவில்லை. அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் தின்று முடித்தோம். அதற்கும் பிறகுதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பொட்டல் பக்கமிருந்து வந்தார். சாக்கு மடித்துக் கக்கத்தில் இருந்தது. வேட்டியில் இரண்டு முழங்காலிலும் செம்மண்.

"ஓடிருச்சு கண்ணு" என்றார். "முடிச்ச அவுத்ததும் ஒரே தாவு. சாக்குல ஒரு ஓட்டை இருந்துச்சு. அது வழியாப் பாத்துட்டே வந்திருக்குமாட்ட. இந்நேரம் தாராபுரத்துக்கு நடையக் கட்டியிருக்கும்."

பேக்கரித் தண்ணீர்த் தொட்டியில் கையை நெடுநேரம் கழுவினார். அம்மா நீட்டிய டீயை வாங்கிக்கொள்ளவில்லை. நான் அழுதேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஓட்டை போட்டது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் கோபம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா எப்போது வந்தாலும், "சீனி வந்துச்சுங்களா மாமா?" என்று கேட்பேன். மாமா ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொள்வார். "நடந்துதான வரோணும் மாப்ளை, மெதுவா வரும்" என்பார். பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய வீட்டு வாசலில் சீனி பசியோடு உட்கார்ந்திருப்பதுபோல் எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குவது. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். முழந்தாளிட்டு, ஃபாதரிடம் ஒரே பாவத்தைத்தான் சொன்னேன்: "பூனைச் சாக்குல ஓட்டை போட்டுட்டேனுங்க ஃபாதர்." அவர் "மூச்சு விடறதுக்கா போட்டே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அது பாவமில்லை என்று சொன்னார். ஆனாலும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று பத்து சொன்னேன்.

எனக்கு அடுத்து அப்பா போனார். பத்தும் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தேன், அவர் இன்னும் முழந்தாளில்தான் இருந்தார். அக்கா என் காதில், "குடிக்கறதில்ல, பீடி இல்ல, அப்பாவுக்கு என்னடா இவ்வளவு பாவம்?" என்றாள். கோயிலுக்குள் சிரிக்கக் கூடாது என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அப்பா எழுந்து வந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புழுக்கம் என்று நினைத்தேன்.

போன வாரம் நம் பூனைக்கு ஊசி போடப் போனபோது மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: "கூடைல நாலு பக்கமும் காத்துப் போகோணுங்க. உங்க ஊட்டு வாசம் இருக்கிற பழைய துணி ஒண்ணு விரிங்க. கெளம்பறதுக்கு முன்னால வயிறு முட்டத் தீனி வேண்டாம். டிக்கில மட்டும் வெச்சுறாதீங்க. வெயில்ல கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டிச் செத்துப்போயிரும்."

வீட்டுக்கு வந்து என் அம்மாவுக்குப் போன் போட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை, டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொன்னேன். அம்மாவே சொல்லிவிட்டாள்.

"உங்கப்பா கையாலயே தோண்டிப் பொதச்சாரு சாமி. பையன்கிட்டச் சொல்லிப்போடாதேன்னுட்டாரு. சாகற வரைக்கும் அதயச் சொல்லிச் சொல்லி நொந்துக்குவாரு."

அப்பா இல்லாமல் போய் ஆறு வருஷமாகிறது. பாவசங்கீர்த்தனத்தில் அவர் என்ன சொன்னாரோ, கேட்க வழியில்லை. ஓட்டையை நான்தான் போட்டேன் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பொய்யை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நானும் இத்தனை வருஷம், வழி காட்டிக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முழந்தாளில் இருந்த செம்மண்ணைப் பார்த்தவன், அது ஏன் வந்தது என்று கேட்கவே இல்லை.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அந்தப் புதுக் கூடையை எடுத்துப் பார்த்தேன். கடைக்காரன் போட்ட ஓட்டைகள் இருந்தன. ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காட்டி, பக்கத்துக்கு இரண்டு இரண்டாக இன்னும் எட்டுப் போட்டேன். உள்ளே கையை விட்டு, மூடியைச் சாத்தி, காற்று வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஒரு ஓட்டையை மட்டும், மூக்கு நுழையும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினேன்.