காரணம் கேட்காத தாவூது பாய்

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து பொன்னேரி பஸ்ஸில் ஏறியபோதுதான் ஃபிட்டர் ஏழுமலை சொன்னான். "தாவூது பாய் பூட்டார்பா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம், அவ்ளோதான். நாளைக்கு மத்தியானம் பழவேற்காட்டுல அடக்கம்." எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. அந்த மனிதரோடு ஒரு சண்டை முடியாமல் கிடந்தது.

நம் ரோலிங் மில்லில் பலருக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். டைம் ஆபீஸ்காரர். மில் நின்றுபோனால், வாரவிடுமுறையில் வீட்டில் இருப்பவனைப் போனில் பிடித்து வரவழைப்பது அவர் வேலை. அந்தக் குரலுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடியவர்கள் நம்மில் உண்டு. அவரைப் புனிதர் ஆக்க நான் இதை எழுதவில்லை. பொங்கலன்றுகூட என்னைக் கூப்பிட்டவர் அவர்.

டிப்ளமோ முடித்து மெயின்டனன்ஸில் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிறு காலை போன் வந்தது. "புதன்கிழமை உனக்கு லீவு போட்டுட்டேன். அதுக்குப் பதிலா இன்னைக்கு வர முடியுமா?" எப்போதும் அதே வரிசைதான். மாற்று விடுமுறை முதலில், கேள்வி பிறகு. முன்போ பின்போ மூன்று நாளுக்குள் மாற்றுநாள் தர வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொல்கிறது. கும்மிடிப்பூண்டியில் முக்கால்வாசி இடத்தில் அதற்குப் பெயர் 'அப்புறம் பார்க்கலாம்'.

"இல்ல பாய், எங்க மாமாவுக்கு திடீர்னு..." என்று இழுத்தேன்.

"நிறுத்து. மாமாவ சாவடிக்காத. முடியுமா, முடியாதா?"

"முடியாது பாய்."

"சரி." போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நேரில் போய்க் கேட்டேன், ஏன் காரணம் கேட்கவில்லை என்று. தலையைத் தூக்காமல் சொன்னார்: "கேட்டா நீ பொய் சொல்லுவ. அத நான் நம்பற மாதிரி நடிக்கணும். நீ அத காப்பாத்திக்கினு திரியணும். ரெண்டு பேருக்கும் பேஜாரு. லீவு உன்னுது, இன்ஜினியரு. போய் வேலையப் பாரு." டிப்ளமோக்காரனை இன்ஜினியர் என்று அவர் கூப்பிட்டது மரியாதைக்கு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு உலை பழுதான அந்த ஞாயிறு. பாய் கூப்பிட்டார், வர முடியாது என்றேன். திங்களன்று மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். என் வேலை இன்னும் உறுதியாகவில்லை. அவர் ஒரு கையெழுத்து போடாவிட்டால் நான் வெளியே. "ஏன் வரல?" என்றார் என்னைப் பார்த்து. நான் வாய் திறப்பதற்குள் பாய் குறுக்கிட்டார்.

"சார், நேத்து அவனுக்கு லீவு. லீவுல வந்தவனத்தான் ஏன் வந்தன்னு கேக்கணும்."

"நீ எந்தப் பக்கம்யா?"

"நான் டைம் ஆபீஸ் பக்கம், சார்."

அந்த வாரமே அவரை எடைமேடைக்கு மாற்றினார்கள். லாரிகளை எடை போட்டுக்கொண்டு தூசியில் உட்கார்ந்திருந்தார். அவர் இடத்துக்கு வந்த புது சூப்பர்வைசர் மாற்றுநாள் பேச்சே எடுப்பதில்லை. "ஏன் வரமாட்ட, இன்னா வேல, யாரு கல்யாணம்?" என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார். என் வேலை உறுதியாகும் உத்தரவும் தள்ளிக்கொண்டே போனது.

சண்டை எடைமேடையில்தான் வந்தது. ஏழுமலைக்கு 'முடியாது' என்ற சொல்லே வராது. பாய் காலத்திலும் கூப்பிட்டபோதெல்லாம் வந்தான். மாற்றுநாள் கிடைக்கும், அதிலும் கூப்பிட்டால் வருவான். "அவன் வருவான்னு தெரிஞ்சே அவனையே கூப்ட்டீங்களே, அது மட்டும் நியாயமா?" என்று கத்தினேன்.

"முடியாதுன்னு அவன்தான் சொல்லணும். அவன் வாயில பூந்து நானா சொல்றது?"

"நீங்க கூப்பிடாம இருந்திருக்கலாம்."

பாய் அடுத்த லாரிக்குக் கையைக் காட்டினார். அதன்பின் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஞாயிறு பழவேற்காட்டில் நல்ல வெயில். துபாயிலிருந்து மகன் வந்து சேர்ந்திருந்தான். பள்ளிவாசலில் தொழுகை நடக்க, மில்காரர்கள் நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். என் போன் அடித்தது. புது சூப்பர்வைசர். மில் நின்றுவிட்டதாம், உடனே வர வேண்டுமாம்.

"முடியாது சார்."

"ஏன்?"

சாவு வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அது பொய்யும் இல்லை. சொல்லத் தோன்றவில்லை. "இன்னைக்கு எனக்கு லீவு சார்" என்றேன். "உன் கன்பர்மேஷன் என் கையிலயும் இருக்கு, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

அடுத்து ஏழுமலையின் போன் அடித்தது. எல்லோரும் அவனையே பார்த்தோம். அப்போது பாயின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து வெளியே கொண்டு வந்தார்கள். ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே நின்றான். "சார்... வர்ல சார். காரணம் இன்னா சார் காரணம்? லீவு சார்." போனைப் பையில் போட்டான். பிறகு ஓடிப்போய்த் தோள் கொடுத்தான்.

சண்டையில் ஜெயித்தது நான்தான் என்று இப்போதும் சொல்வேன். ஏழுமலை வாயிலிருந்து அந்த வார்த்தை வர ஒரு மனிதர் சாகும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை; அவனைக் கூப்பிடாமலே விட்டிருக்கலாம். இதைக் கேட்டால் பாய் அடுத்த லாரிக்குக் கையைக் காட்டுவார்.

என் உத்தரவு இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: 'முடியாது' என்று சொன்னபின் வாயை மூடிக்கொள்வது. அவரைத் தெரிந்த நீங்களும் அடுத்த ஞாயிறு அதைச் செய்து பாருங்கள். அந்த மௌனத்தில் முதல் இரண்டு நொடி தாங்க முடியாது. பிறகு எதிர்முனைதான் தடுமாறும்.