விருதுநகருக்குப் போன விண்ணப்பம்

சுமதியின் தேர்வைக் கெடுத்தது சுமதி இல்லை. நான்கூட முழுசாக இல்லை. அந்த விண்ணப்பப் பக்கத்தைக் கட்டியவர்கள்தான்.

சூடேறிய பிளாஸ்டிக் வாசனை... செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை நினைத்தால் இன்றும் அதுதான் முதலில் வருகிறது. ஐந்து கம்ப்யூட்டர், ஒரே மோடம், ஒரு ஃபேன். படிப்பை முடித்த கையோடு அங்கே ஃபாரம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுவோம். போய்க்கொண்டிருந்ததெல்லாம் அறுந்துபோகும், புதிதாகத் தொடங்கலாம். திரையில் இருக்கும் "ரத்து" பட்டனை எங்கள் ஓனர் அண்ணன் நம்பவே மாட்டார்.

சுமதி என்னோடு ப்ளஸ் டூ படித்தவள். அன்று அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அரசு வேலைக்கான தேர்வு. கடைசி நாள், ஐந்து மணியோடு மூடிவிடும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு தேர்வுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்று அவள் நைனா சொல்லியிருந்தார்.

மணி நாலே முக்கால். மாவட்டப் பட்டியலில் விழுப்புரத்துக்கு அடுத்தது விருதுநகர். என் கையில் மவுஸ் வழுக்கி விருதுநகர் விழுந்துவிட்டது. அந்த மாவட்டத்தின் தேர்வு மையங்களைக் கேட்டுப் பக்கம் சுற்ற ஆரம்பித்தது...

"இன்னாடி இது, சுத்திக்கினே இருக்குது? வயர புடுங்குடி" என்றாள் சுமதி.

பிடுங்கியிருக்கலாம். ஆனால் மற்ற நான்கு கம்ப்யூட்டரிலும் அதே ஃபாரம். ஒருவர் அப்போதுதான் கையெழுத்தை ஏற்றிக்கொண்டிருந்தார், வாயில் முணுமுணுப்பு வேறு. பிடுங்கினால் ஐந்து பேருக்கும் போய்விடும்.

ரத்து பட்டனை அழுத்தினேன். சுற்றுவது நின்றது. விழுப்புரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மையங்கள் வந்தன. ஊர்ப்பெயர் கிடையாது, வெறும் எண்கள்.

ஒரு நொடி கழித்து அந்த எண்கள் மினுக்கி அடங்கின.

"ஏதோ மாறுச்சு... பாத்தியா?"

நெட் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, முதல் எண்ணைத் தொட்டு அனுப்பிவிட்டேன். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

ஹால் டிக்கெட் வந்தது. மையம், விருதுநகர்.

உதவி எண்ணில் கேட்டதற்கு, செலக்ட் பண்ணியது நீங்கள்தானே என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப நைனா ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் போனால் அவருக்கு இரண்டு நாள் வேலை போகும். சுமதி என்னைத் திட்டவில்லை.

"நீதானடி அழுத்துன..." என்றாள். அவ்வளவுதான்.

தேர்வு நாளன்று அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் சென்னையில் இணையப் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். அதில் அபார்ட் கன்ட்ரோலர் என்று ஒன்று உண்டு, பக்கம் சர்வரிடம் கேட்ட கோரிக்கையை நடுவிலேயே நிறுத்துவதற்கு; அதை முதன்முதலில் படித்த அன்று, பிடுங்காமல் விட்ட அந்த வயர்தான் நினைவுக்கு வந்தது. அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக ஒரு வயர் கொடுப்பது மாதிரி அது. புதிதாக ஒன்றைக் கேட்கும் முன் பழையதை மட்டும் அறுத்துவிடலாம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. சர்வர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டதை அது திருப்பித் தராது. ஆனால் தாமதமாக வரும் பழைய பதில் திரையில் ஏறாது.

அன்று அந்த ரத்து பட்டன் சுற்றும் படத்தை மட்டும்தான் மறைத்தது. விருதுநகர் கோரிக்கை பின்னால் ஊர்ந்துகொண்டே இருந்து, விழுப்புரத்தின் பதிலுக்குப் பிறகு வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. மேலே விழுப்புரம் என்ற பெயர், கீழே விருதுநகரின் எண்.

வேகமான நெட்டில் உட்கார்ந்து சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதே அபூர்வம். எங்கள் டீம் லீடிடம் சொன்னேன். "எட்ஜ் கேஸ்மா, யாருக்கும் வராது" என்றார். அந்த யாருக்கும் என்பதில் செஞ்சி இல்லை.

அன்று எங்களிடம் வயர் ஒன்றுதான் இருந்தது, பிடுங்கப் பயந்தோம். இன்று ஆளுக்கு ஒரு போன். போன மாதம் அதே ஃபாரம் மறுபடி திறந்தது. வேண்டுமென்றே நெட்டை மெதுவாக்கி, ரத்தை அழுத்திப் பார்த்தேன். பழைய கோரிக்கை இன்னும் ஓடுகிறது... இந்த வருடம் யாருடைய ஊர் மாறியதோ.

எங்கே பிழை, எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதி, அந்தப் பக்கத்தை நடத்துபவர்களுக்கு மூன்று முறை அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ரத்து என்று போட்டால் ரத்து செய்யுங்கள். அன்று தப்பு உங்கள் பக்கத்தில்தான் என்று சுமதிக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.