மச்சான் மாட்டிய ஆயில் கூலர்

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. காலை ஆறு பத்து. போடியில் அக்கா வீட்டு வாசல். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கால்கள் — காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"மாப்ளே, வந்துட்டியா? அந்தச் சின்ன ஸ்பேனரக் கொண்டா!"

அக்காவின் கணவர். ஏலத்தோட்டக்காரர். வேலையை விட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கிளட்ச் கிடையாது; கியர் தானாக மாறும். சமவெளியில் சொகுசுதான். மலையில்? கியர் பெட்டி எண்ணெய் கொதித்துவிடும். அப்புறம் இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

தோட்டம் போடிமெட்டுக்கு மேலே. ஞாயிறுதோறும் மச்சானும் அக்காவும் போவார்கள். மூன்று ஞாயிறு கார் ஒரே வளைவில் நின்றது. மூன்றாம் தடவை அக்கா ஒன்றரை மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தாள் — தெரிந்தவர்களெல்லாம் ஜீப்பில் பார்த்துக்கொண்டே போனார்கள். "இன்னொரு தடவ நின்னுச்சு, அப்பறம் எனக்குப் பஸ்சுதான்" என்றாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அதற்காகத்தான் இந்த ஆயில் கூலர். மதுரையில் பழைய இரும்புக் கடையில் பிடித்தது. குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும். சூடான எண்ணெய் அதற்குள் சுற்றிவரும். எதிர்க்காற்று சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கேட்க எளிது. பானெட்டுக்குள் முன்பக்கம் அதை மாட்டி, இரண்டு ரப்பர் குழாயைச் செருகி, நாலு கிளாம்பை முறுக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. எனக்கு முழங்கை வரை சிவப்பு எண்ணெய். விடுமுறை என்பது என்ன? அடுத்தவர் வேலையைச் செய்யும் நாள்.

கசிவு பார்க்க அடியில் பேப்பர் விரித்தார். நான் எழுதும் இந்தப் பத்தி வந்த பக்கம். இன்ஜின் ஓடியது... ஒரு சொட்டுகூட இல்லை.

"பாத்தியா மாப்ளே, நீ எழுதுனது இன்னிக்குத்தான் ஒரு சோலிக்கு ஆச்சு!"

கை கழுவி இட்லி சாப்பிட்டோம். "பானெட்ட நான் மூடிட்டேன், வெரசா கெளம்புங்க" — வாசலிலிருந்து அக்கா.

அடிவாரத்தில் முந்தல் தாண்டி ஏற்றம். அக்கா முன் சீட்டில், மச்சானுக்குப் பக்கத்தில். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. மச்சான் விசிலடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கருகல் வாசனை வந்தது. இன்ஜின் கத்தியது. வண்டி நின்றது — அதே வளைவில்.

பின்னாலேயே பஸ். அக்கா இறங்கிக் கை காட்டினாள்.

"என்னக்கா, இன்னிக்கும் இங்கனதானா?" என்றார் கண்டக்டர். அக்கா ஏறிக்கொண்டாள்.

மச்சான் பானெட்டைத் திறந்தார். கூலரின் முகத்தை மூடி ஒரு சாக்கு தொங்கியது. இரண்டு மூலையையும் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நனைத்துக் கட்டிய சாக்கு. சூட்டில் காய்ந்து விறைத்திருந்தது. எது குளிர்ச்சியாக இருக்க வேண்டுமோ அதற்கு ஈரச் சாக்கு — எங்கள் பக்கத்துப் பழக்கம். ஜீப்புக்காரர்கள் தண்ணீர் கேனுக்குச் சுற்றுவார்கள். கேனுக்குச் சரி. கூலருக்கு அது கம்பளி, காற்றே போகாது.

பானெட்டை மூடியது யார் என்று மச்சான் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாக்கை அவிழ்த்து, மடித்து, டிக்கியில் வைத்தார். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினோம். மிச்ச வளைவுகளை வண்டி முனகாமல் ஏறியது.

மெட்டில் டீக்கடை ஓரம் அக்கா நின்றிருந்தாள்.

"என்னவாம் கோளாறு?" குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது.

"கிளாம்பு லூசு. என் கைவேல சரியில்ல" என்றார் மச்சான்.

"நெனச்சேன்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது.

நாலு கிளாம்பும் இறுக்கமாகத்தான் இருந்தன. முறுக்கும்போது நானும்தான் பிடித்திருந்தேன்.

போன ஞாயிறு கார் எங்கேயும் நிற்கவில்லை. அக்கா பஸ்ஸில் போனாள்.